முளையில் கயிறு கட்டுவது எப்படி? பாய்க்கப்பலுக்கும் நாடக மேடைக்கும் புதிதாக வருபவர்களுக்கு

பாய்க்கப்பலில் பயிற்சிக்குச் சேர்ந்தாலும் சரி, பழைய பாணி அரங்கில் படுதா ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தாலும் சரி, முதல் நாளே ஒரு கயிற்றைக் கையில் கொடுத்து "இதைக் கட்டு" என்பார்கள். எதிரே ஒரு கனமான மரச்சட்டம் இருக்கும். அதில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு தடித்த முளை. அந்த முளைக்குப் பிலேயிங் பின் என்று பெயர், சட்டத்துக்குப் பின் ரெயில். கப்பலிலும் அரங்கிலும் பெயர் ஒன்றுதான், பொருளும் ஏறக்குறைய ஒன்றுதான். இனி இந்தக் கட்டுரையில் முளை, சட்டம் என்றே சொல்கிறேன்.

புதிதாக வருபவர்கள் பலரும் இதை முடிச்சுப் போடும் வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். முளையில் போடுவது முடிச்சே இல்லை. நூறு கிலோ தொங்கிக்கொண்டிருக்கும்போது, இருட்டில், ஒரே ஆள், சில நொடிகளில் அவிழ்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். கட்டும்போதே 'இதை அவிழ்க்கப்போவது யார், எந்த நிலைமையில்' என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். கீழே வரும் விதிகளில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

முளையும் சட்டமும்

முளை பார்ப்பதற்குப் பாதியாக வெட்டிய சப்பாத்திக் கட்டை மாதிரி இருக்கும். மேல்பகுதி கைப்பிடி, சற்றுப் பருத்து உருண்டையாக. அதன் அடியில் தோள் போல ஒரு விளிம்பு. முளை துளைக்குள் முழுதாக இறங்கிவிடாமல் அது தடுக்கும். அதற்குக் கீழே நேரான தண்டு, சட்டத்தின் அடியில் நீட்டிக்கொண்டு நிற்கும். மொத்த நீளம் பொதுவாக ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடிக்குள். ஆணியோ பசையோ கிடையாது, மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும்.

பழைய கப்பல்களில் ஆஷ், ஓக், லிக்னம் வைட்டே போன்ற கடின மரங்களில் கடைந்திருப்பார்கள். லிக்னம் வைட்டே தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு அடர்த்தி. அப்புறம் துத்தநாகம் பூசிய இரும்பு, வெண்கலம் எல்லாம் வந்தன. அரங்குகளில் கடின மரத்தையும் பார்க்கலாம், எஃகுக் குழாயையும் பார்க்கலாம். என்னைக் கேட்டால் மரமே மேல். பூச்சு உரிந்து துருப்பிடித்த இரும்பு, கயிற்றின் நாரை அரம் போல அறுக்கும். உங்கள் சட்டத்தில் இரும்பு முளை இருந்தால் கயிற்றில் பழுப்புக் கறை தெரிகிறதா என்று பாருங்கள்; தெரிந்தால் அந்த முளையைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கப்பலில் சட்டம் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று இருபுறமும் பக்கச்சுவரை ஒட்டி நீளமாகப் போவது. மற்றது பாய்மரத்தின் அடியைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் நிற்பது. அதை ஃபைஃப் ரெயில் என்பார்கள். இவை தவிர இரு கொம்புள்ள கிளீட்டும், பெருங்கயிறுகளுக்கான பிட் என்ற குட்டைத் தூண்களும் உண்டு. கிளீட்டில் கட்டுவதும் முளையில் கட்டுவது போலத்தான். ஆனால் கிளீட் ஓரிடத்தில் திருகி இறுக்கியது, கழற்ற முடியாது. கழற்றி மாற்றக்கூடிய முளைகள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பரவலானதற்கு இந்த வசதியும் ஒரு காரணம். ஒரு முளை உடைந்தால் வேறொன்றைச் செருகிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

முடிச்சில்லாமல் எப்படி நிற்கிறது?

உராய்வுதான். ஓர் உருண்டையான தண்டில் கயிற்றை ஒரு முழுச் சுற்று சுற்றினால், கயிற்றுக்கும் தண்டுக்கும் இடையிலான உராய்வெண் 0.25 என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோ சுமையைச் சுமார் 21 கிலோ இழுவிசையில் பிடித்து நிறுத்தலாம். இரண்டு சுற்றுக்கு நாலே கால் கிலோ போதும். மூன்று சுற்றுக்கு ஒரு கிலோகூட வேண்டாம். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் பெருக்கலாகச் சேர்வதால் இப்படி. ஈரம், கயிற்றின் வகை, முளையின் வழவழப்பு எல்லாம் அந்த உராய்வெண்ணை மாற்றும் என்பதால் இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். சுமையில் பெரும்பங்கை முதல் சுற்றே வாங்கிவிடுகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முதல் சுற்றைத் தப்பாகப் போட்டுவிட்டு மேலே பத்துச் சுற்று போட்டவர்களை எல்லாக் கப்பலிலும் பார்க்கலாம்.

கட்டும் முறை

1. முதலில் மேலே பாருங்கள். கயிறு எந்தக் கப்பியிலிருந்து இறங்குகிறது, வழியில் வேறு கயிற்றோடு பின்னிக்கொண்டிருக்கிறதா? தவறான பக்கமாக வந்த கயிற்றைக் கட்டிவிட்டால் அது பக்கத்துக் கயிற்றை நாள் முழுக்க உரசிக்கொண்டிருக்கும்.

2. மேலிருந்து வரும் கயிற்றை முளையின் ஒரு பக்கமாக இறக்கி, சட்டத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். முதல் சுற்று எப்போதும் கீழேதான். நேராக மேல் கைப்பிடியில் சுற்றத் தொடங்கினால் சுமை ஏறும்போது மேல்சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கியதைச் சுமையோடு அவிழ்க்க முடியாது.

3. கீழ்ச்சுற்று விழுந்ததும் ஒரு நொடி நிறுத்துங்கள். கயிற்றைத் தளர்த்தாமல் பிடித்தபடி, சுமையை முளை வாங்கிவிட்டதா என்று கையால் உணருங்கள்.

4. இப்போது முளையின் முன்பக்கமாகக் குறுக்கே மேலே போய், கைப்பிடியின் பின்னால் சுற்றி, மறுபடி குறுக்கே கீழே வந்து தண்டைச் சுற்றுங்கள். எட்டு என்ற எண்ணைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்து எழுதுவது போல.

5. இப்படி மூன்று எட்டு. மணிலா போன்ற நார்க்கயிற்றுக்கு இது போதும். வழுக்கும் செயற்கைக் கயிறானால் இன்னும் ஒன்றோ இரண்டோ. அதற்கு மேல் சுற்றுவது பாதுகாப்புக்கு ஒன்றும் சேர்க்காது, அவிழ்க்கிறவரின் நேரத்தைத்தான் தின்னும்.

கடைசியில் ஒரு சுருக்கு போடலாமா என்பதுதான் கப்பல்காரர்களும் மேடைக்காரர்களும் பிரியும் இடம். மேடையில் கடைசி எட்டின் வளையத்தை ஒரு முறை திருகிக் கைப்பிடியில் மாட்டி இறுக்குவது வழக்கம். அங்கே கயிறு ஒருமுறை கட்டினால் காட்சி மாறும்வரை அசையாது, சுமையும் மாறாது. பாய்க்கப்பல்கள் பலவற்றில் இதற்குத் தடை. காற்றின் இழுப்பில் அந்தச் சுருக்கு இறுகிவிட்டால், அவிழ்க்கவேண்டிய நொடியில் அவிழாது. நீங்கள் சேர்ந்த இடத்தில் என்ன வழக்கம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்களுக்கு எது சரி என்று படுகிறது என்பது அங்கே முக்கியமில்லை. எல்லா முளையும் ஒரே மாதிரி கட்டப்பட்டிருப்பதுதான் முக்கியம்.

விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை. மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் கயிறுள்ள அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் சட்டத்தின் அருகே வரவேண்டும். சுமையோடு ஓடும் கயிறு மோதிரத்தில் மாட்டினால் விரலின் தோல் சதையோடு உரிந்து வரும். முளைக்கும் கைக்கும் ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிப்பது நம்மூர்க் கிணற்றடிப் பழக்கம். இங்கே அதை அடியோடு மறந்துவிடுங்கள்.

மீதிக் கயிற்றைச் சுருட்டித் தொங்கவிடுதல்

கட்டி முடித்தபின் பத்து, இருபது மீட்டர் மிச்சம் கிடக்கும். அதைத் தரையில் விட்டுவிட்டுப் போனால் அடுத்து வருபவர் கால் தடுக்கி விழுவார். சுருட்டுவதை முளையின் அருகிலிருந்து தொடங்கி, கயிற்றின் வெறும் நுனியை நோக்கிப் போங்கள். அப்போதுதான் கயிற்றில் இருக்கும் முறுக்கு நுனி வழியாக வெளியேறும். நுனியிலிருந்து தொடங்கினால் முறுக்கு முழுவதும் முளையருகே வந்து குவியும். மூன்று புரி முறுக்கிய கயிறுகள் பெரும்பாலும் வலமுறுக்கு. அவற்றைக் கடிகாரச் சுற்றில் சுருட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் சுருட்டினால் கயிறே முரண்டு பிடித்து எட்டு எட்டாகத் திமிறும், நீங்கள் தப்பு செய்கிறீர்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

சுருள் தயாரானதும் அதன் நடுவே கையை விட்டு, முளைக்கும் சுருளுக்கும் இடையில் உள்ள கயிற்றைப் பிடித்து வளையமாக உள்ளே இழுங்கள். அந்த வளையத்தை ஒரு திருகு திருகி, சுருளின் மேலாகக் கொண்டுவந்து கைப்பிடியில் மாட்டுங்கள். சுருள் தொங்கும்; அலை அடித்தாலும் விழாது; ஓர் இழுப்பில் கழன்றுவிடும்.

அவிழ்ப்பது

கட்டுவதைவிட இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். மேலே என்ன சுமை இருக்கிறது என்று தெரியாமல் எந்தக் கயிற்றையும் தொடாதீர்கள். பாயைச் சுருக்கும் கயிறுகள் பெரும்பாலான நேரம் வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும், ஆபத்து குறைவு. ஆனால் குறுக்குமரத்தையும் பாயையும் மேலே தூக்கி நிறுத்தியிருக்கும் ஆஞ்சான் கயிறோ, காற்று நிறைந்த பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடித்திருக்கும் தாமானோ அப்படியில்லை. அந்த இரண்டும் எந்த முளையில் இருக்கின்றன என்று தெரிந்த பிறகே மற்றவற்றைப் படியுங்கள்.

முதலில் சுருளைக் கழற்றித் தளத்தில் வைக்கவேண்டும், அதுவும் தலைகீழாகப் புரட்டி. அதாவது முளையிலிருந்து வரும் பகுதி மேலேயும் நுனி அடியிலும் இருக்கவேண்டும். அப்போது கயிறு ஓடத் தொடங்கினால் மேலிருந்து ஒவ்வொரு வளையமாகச் சிக்கலில்லாமல் கிளம்பும். உங்கள் கால் அந்தச் சுருளுக்குள் இருக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் குனிந்து ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு எட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், கயிற்றின் இழுப்பை ஒரு கணமும் விடாமல். கீழ்ச்சுற்று மட்டும் மிஞ்சும்போது சுமையை உணர்வீர்கள். அதைக் கழற்ற வேண்டாம். கையைத் தளர்த்தத் தளர்த்த, கயிறு அந்தச் சுற்றில் உரசிக்கொண்டே மெதுவாக இறங்கும். நீங்கள் விரும்பிய வேகத்தில் இறக்க அந்த ஒரு சுற்று போதும். கைக்குள் கயிற்றை ஓடவிடாதீர்கள், கை மாற்றி மாற்றிப் பிடித்து விடுங்கள். ஓடும் கயிறு உள்ளங்கைத் தோலை எரித்துவிடும்.

முளையையே மேலே உருவி எடுத்தால் எல்லாச் சுற்றும் ஒரே நொடியில் விழுந்துவிடும் என்பது உண்மை. அவசரத்தில் இது செய்யக்கூடியது என்று எல்லாரும் சொல்வார்கள், படங்களிலும் காட்டுவார்கள். பயிற்சிக்கு வந்தவர் அதைச் செய்ய வேண்டாம், தலைமை மாலுமி சொன்னால் தவிர. மேடையில் யார் சொன்னாலும் செய்யக் கூடாது. அங்கே கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

கூட்டமாக இழுக்கும்போது

பெரிய கயிற்றை ஆறேழு பேர் இழுப்பார்கள், ஒருவர் முளையருகே நிற்பார். இழுப்பவர்கள் ஒரே நேரத்தில் இழுக்க ஒரு தாளம் வேண்டும். நம் கடற்கரையில் வலை இழுக்கும்போது 'ஐலசா' சொல்வது எதற்கோ, ஆங்கிலேயக் கடற்படையில் 'டூ, சிக்ஸ், ஹீவ்' சொல்வதும் அதற்கே. போதும் என்றால் 'தட்ஸ் வெல்' என்று குரல் வரும். எல்லாரும் அப்படியே பிடித்து நிற்க வேண்டும். முளையருகே நிற்பவர் கீழ்ச்சுற்றைப் போட்டு, சுமையை வாங்கிக்கொண்டதாகச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் விடலாம். இந்த இடைவெளியில் அவசரப்பட்டு ஒருவர் விட்டால், முழுச் சுமையும் முளையருகே நிற்பவரின் விரல்களை நோக்கிப் போகும். காதில் விழுந்த கட்டளையைத் திரும்பச் சொல்லும் வழக்கம் இதற்காகத்தான். கேலியாகத் தோன்றினாலும் உரக்கச் சொல்லுங்கள்.

இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும், ஆனால் நேராக இழுத்தால் அசையவில்லை என்றால், ஒருவர் முளைக்கு மேலே கயிற்றைப் பிடித்து வில்லின் நாணைப் போலப் பக்கவாட்டில் இழுப்பார். பிறகு அதைச் சட்டத்தை நோக்கிக் கீழே தள்ளுவார். அப்போது கிடைக்கும் தளர்வை முளையருகே இருப்பவர் உடனே வாங்கிக்கொள்வார். இரண்டு பேர் இதை ஒழுங்காகச் செய்தால் ஆறு பேர் இழுத்து நகராததும் நகரும்.

எந்த முளையில் எந்தக் கயிறு?

லண்டன் கிரீனிச்சில் நிற்கும் கட்டி சார்க் 1869-இல் கடலில் இறங்கிய தேயிலைக் கப்பல். அதன் கயிறுகளை எல்லாம் நீட்டினால் சுமார் 11 மைல் வரும். இதில் பாய்மரத்தைத் தாங்கி அசையாமல் நிற்பவை ஒரு பகுதி. அவை முளைக்கு வருவதில்லை. ஓடும் கயிறுகள் மட்டுமே முளைக்கு வரும். அதுவே பெரிய கப்பலில் இருநூறு தாண்டலாம். அத்தனையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பெயர்ப்பலகை எதுவும் இருக்காது. நள்ளிரவில் மழையில் பெயர்ப்பலகை எதற்குப் பயன்படும்?

ஆனால் வரிசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதைப் பிடித்துவிட்டால் இருநூறையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு பாய்மரத்தில் சதுரப் பாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பக்கச் சட்டத்தில், கீழ்ப்பாயின் கயிறுகள் கப்பலின் அணியத்தை நோக்கி முன்னால் வரும். மேலே போகப்போக அந்தந்தப் பாயின் கயிறுகள் பின்னால் பின்னால் தள்ளி வரும். ஆகவே முளை வரிசையை முன்னிருந்து பின்னாகப் படித்தால் பாய்களைக் கீழிருந்து மேலாகப் படிப்பதாக ஆகிறது. இடப்பக்கம் என்ன இருக்கிறதோ அதுவே பெரும்பாலும் வலப்பக்கமும், கண்ணாடியில் பார்ப்பது போல. விதிவிலக்கு ஆஞ்சான்கள்: ஒரு பாய்க்கு ஒன்றுதான் என்பதால் ஒன்றை இடப்பக்கம், அதற்கு மேலுள்ளதை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். பாய்மரத்தின் உடலை ஒட்டியே இறங்கும் கயிறுகள், குறிப்பாக மேல்பாய்களின் தாமான்கள், அடியிலுள்ள ஃபைஃப் ரெயிலுக்கு வரும். கப்பலுக்குக் கப்பல் சில முளைகள் இடம் மாறும், ஆனால் இந்த ஒழுங்கு தெரிந்தவர் புதுக் கப்பலில் ஒரே நாளில் வழி கண்டுபிடித்துவிடுவார்.

இதைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு தாளில் சட்டத்தை வரைந்து முளைகளுக்கு வட்டம் போடுங்கள். கப்பலில் தயாராக ஒரு வரைபடம் இருக்கும், ஆனால் அதைப் பார்த்து எழுத வேண்டாம். ஒவ்வொரு கயிற்றையும் முளையிலிருந்து கண்ணாலேயே மேலே தொடர்ந்து போய், எந்தப் பாயின் எந்த மூலைக்குப் போகிறது என்று கண்டுபிடித்து வட்டத்தில் எழுதுங்கள். எல்லாம் முடிந்தபிறகு கப்பலின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகு இருட்டில் கையால் தடவி, பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கி நிற்கும் பக்கவடக் கயிற்றிலிருந்து எத்தனையாவது முளை என்று எண்ணிப் பழகுங்கள். பயிற்சிக் கப்பல்களில் இதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். ஒருவர் கயிற்றின் பெயரைச் சொல்ல, இரண்டு அணிகளிலிருந்தும் ஆட்கள் வேகமாக நடந்து போய் அந்த முளையில் கை வைக்க வேண்டும். வெட்கப்படாமல் சேருங்கள்; புத்தகத்தில் ஒரு வாரம் படிப்பதை இதில் ஒரு மாலையில் படித்துவிடலாம்.

இந்தியாவில் இந்த வேலையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் கொச்சியைத் தளமாகக் கொண்ட கடற்படைப் பயிற்சிக் கப்பல்கள் ஐஎன்எஸ் தரங்கிணியும் (1997) ஐஎன்எஸ் சுதர்ஷினியும் (2012) உண்டு. இரண்டும் கோவா கப்பல் தளத்தில் கட்டியவை. மூன்று பாய்மரம், முன் இரண்டில் சதுரப் பாய், கடைசியில் நீளவாக்குப் பாய். தரங்கிணி 2003-04இல் உலகைச் சுற்றி வந்தது. துறைமுகங்களில் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடும் நாள் வந்தால், மேலே பாய்மரத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் சட்டத்தருகே நின்று சுருள்களைப் பாருங்கள்.

மேடையில்

பழைய பாணி அரங்குகளில் மேடைக்கு மேலே, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், கிரிட் என்ற சட்டக் கூரை இருக்கும். அதில் கப்பிகள். படுதா கட்டிய நீளமான கம்பை பேட்டன் என்பார்கள். பேட்டனிலிருந்து மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கயிறுகள் நேர்மேலே கப்பிக்குப் போய், அங்கிருந்து பக்கவாட்டில் ஓடி, ஓரத்தில் உள்ள பெரிய கப்பி வழியாக மேடையின் பக்கத்துக் கேலரிக்கு இறங்கும். கேலரியில்தான் சட்டமும் முளைகளும். ஸ்டாக்ஹோம் அருகே ட்ரோட்னிங்ஹோம் அரண்மனை அரங்கு 1766-இல் கட்டியது. அங்கே இன்றும் மர இயந்திரமும் கயிறும் கைப்பலமும் வைத்தே காட்சி மாற்றுகிறார்கள். நம் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகத் தூக்கிப் போன சுருட்டுப் படுதாக்களும் கயிறு, கப்பி கொண்டு ஏற்றி இறக்கியவைதான், அளவு சிறியது.

மாலுமிகள்தான் கரையில் இருக்கும் காலத்தில் அரங்குகளில் கயிறு இழுத்தார்கள், விசிலால் சைகை கொடுத்தார்கள், அதனால்தான் மேடையில் விசில் அடிக்கக் கூடாது என்று ஒரு கதை மேலைநாட்டு அரங்குகளில் உண்டு. கதையை நம்புகிறீர்களோ இல்லையோ, விசில் அடிக்காதீர்கள். திட்டு விழும்.

கப்பலுக்கும் மேடைக்கும் வேலையில் முக்கியமான வேறுபாடு, மேடையில் ஒரு படுதாவின் எல்லாக் கயிறுகளையும் சேர்த்து இழுத்து ஒரே முளையில் கட்டுகிறோம் என்பது. சட்டத்துக்கு அருகே இறங்குவது குட்டைக் கயிறு, நடுவில் இருப்பது நடுக்கயிறு, தூரத்தில் இருப்பது நெடுங்கயிறு. மூன்றும் ஒரே அளவு இழுபடாவிட்டால் படுதா சாய்ந்து தொங்கும். ஆகவே முதலில் மட்டம் பார்க்க வேண்டும்:

பேட்டனை மேடைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குங்கள். கீழே ஒருவர் நடுவில் நின்று பார்த்து, எந்தக் கயிற்றை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மேலே ஒருவர் மற்றக் கயிறுகளை அசையாமல் பிடித்திருக்க, இன்னொருவர் சொன்ன கயிற்றை மட்டும் சரி செய்வார். மூன்றும் மட்டமானதும் சேர்த்துப் பிடித்து, ஒரே கயிறு போல, மேலே சொன்ன முறையில் கட்டுங்கள். பிறகு மூன்றிலும் ஒரே உயரத்தில் வண்ண நூலால் ஓர் அடையாளம். அடுத்த முறை அந்த நூல்கள் ஒரே மட்டத்தில் நின்றால் படுதாவும் மட்டமாக நிற்கிறது.

இரட்டைச் சட்டம் இருந்தால் இன்னும் வசதி. படுதா பார்வையாளருக்குத் தெரியும்படி இறங்கி நிற்கும் உயரத்துக்கு ஒரு முளையில் கட்டிவிட்டு, அதை அவிழ்க்காமலேயே, மேலே தூக்கிய நிலைக்கு மற்றச் சட்டத்தின் முளையில் கட்டுவார்கள். காட்சியில் இறக்க வேண்டும் என்றால் இரண்டாவதை மட்டும் அவிழ்த்து இறக்கினால் போதும். முதல் கட்டு இழுபட்டதும் படுதா சரியான உயரத்தில் தானே நின்றுவிடும். எந்தச் சட்டம் எதற்கு என்பது அரங்குக்கு அரங்கு மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

கனமான படுதாவுக்குக் கைப்பலம் போதாது. அப்போது கயிறுகளை ஒரு கவ்வியில் சேர்த்து அதில் மணல்மூட்டை தொங்கவிடுவார்கள். மூட்டை, படுதாவைவிடச் சற்று இலேசாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படுதா இறங்காது, மேலேயே தங்கிவிடும். படுதாவைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் மணல்மூட்டையின் கணக்கை முதலில் தீருங்கள். படுதா போய் மூட்டை மட்டும் மிஞ்சினால், வெறும் பேட்டன் கூரையை நோக்கிப் பாயும், மூட்டை எதிர்ப்பக்கம் விழும்.

எதிர் எடை அரங்குகள்

இன்றைய அரங்குகளில் பெரும்பாலும் முளைச் சட்டம் இல்லை. இரும்பு எடைகள் அடுக்கிய ஒரு தொட்டில் சுவரோரம் ஏறி இறங்க, கைக்கயிற்றைப் பூட்டும் ஒரு நெம்புகோல் இருக்கும். ரோப் லாக் என்று பெயர். அதைப் பற்றி இரண்டே விஷயம் சொல்கிறேன்.

அது பிரேக் அல்ல. எடை சமமாக இருக்கும்போது கயிறு நழுவாமல் நிறுத்திவைக்க மட்டுமே அது. பொதுவாக 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ அளவு ஏற்றத்தாழ்வுக்கு மேல் அதை நம்பக் கூடாது. சமநிலை சரியில்லை என்ற சந்தேகம் வந்தால், பூட்டைத் திறக்காமலேயே கைக்கயிற்றின் இரு இழைகளுக்கும் நடுவே ஒரு முளையைச் செருகித் திருகினால் அது கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சட்டமே இல்லாத அரங்கிலும் ஓரத்தில் ஒன்றிரண்டு முளை கிடப்பது இதற்குத்தான்.

இரண்டாவது, ஏற்றும் வரிசை. பொருளை முதலில் பேட்டனில் கட்டிவிட்டுத்தான் தொட்டிலில் எடை வைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் தொட்டிலின் எடை, பிறகுதான் பொருள். பேட்டன் தரையருகே இருக்கும்போதே இரண்டும். கயிறு கைமீறி ஓடத் தொடங்கிவிட்டால் அதைப் பிடிக்கப் போகாதீர்கள். உரக்கக் கத்தி எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு நீங்களும் விலகுங்கள். போகிற எடையை மனிதக் கை நிறுத்தாது.

கயிறு

பழைய கயிறு மணிலா, பிலிப்பைன்ஸின் அபாக்கா வாழை நாரிலிருந்து வருவது. நன்றாகப் பிடிக்கும், கைக்கு இதமாக இருக்கும், ஆனால் ஈரத்தில் சுருங்கும், மட்கும். மழை வந்தால் கட்டியிருக்கும் மணிலாக் கயிறுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தானே இறுகி எதையாவது உடைக்கும். இப்போது பெரும்பாலும் பாலியெஸ்டர். சுருங்காது, அதிகம் நீளாது. உண்மையான நைலான் இழுத்தால் நீளும், ஆஞ்சானுக்கு ஆகாது. நம்மூர்க் கடைகளில் நைலான் கயிறு என்று நீலத்திலும் மஞ்சளிலும் விற்பது பெரும்பாலும் நைலானே இல்லை, பாலிபுரொப்பிலீன் போன்ற மலிவான பிளாஸ்டிக் இழை. பாலிபுரொப்பிலீன் வெயிலில் நொறுங்கும், வழுக்கும், 160 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகத் தொடங்கும். முளையில் வேகமாக ஓடும் கயிறு அந்தச் சூட்டை எளிதாக எட்டிவிடும். மூட்டை கட்ட வைத்துக்கொள்ளுங்கள், ஆள் தலைக்கு மேல் எதையும் அதில் தொங்கவிட வேண்டாம்.

கையால் இழுக்கும் கயிறு 16 முதல் 20 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் பிடி நன்றாகக் கிடைக்கும். மெல்லிய கயிறு சுமையைத் தாங்கினாலும் உங்கள் உள்ளங்கை தாங்காது. அறுபடும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றாமல் இருப்பது மேடை வேலையில் பரவலான வழக்கம்.

மணிலாவைச் சோதிக்க, புரியைத் திருகிப் பிரித்து உள்ளே பாருங்கள். பொடி உதிர்ந்தால், பூஞ்சை வாடை அடித்தால், உள்நார் சாம்பல் நிறமாக இருந்தால் கயிறு முடிந்துவிட்டது, வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும். செயற்கைக் கயிற்றில் பளபளவென்று கெட்டியான திட்டு தெரிந்தால் அது உருகி இறுகிய இடம். எப்போதும் முளையில் படும் இடத்தையே முதலில் பாருங்கள், தேய்மானம் அங்கேதான்.

வீட்டில் பழக

இரண்டு அங்குல கனமுள்ள ஒரு பலகைத் துண்டு, அதில் ஒரு துளை, பக்கத்துத் தச்சரிடம் கடைந்து வாங்கிய ஒரு முளை, ஐந்து மீட்டர் பருத்திக் கயிறு. பலகையை மேசை விளிம்பில் கவ்வியால் இறுக்குங்கள். கயிற்றை மேலே ஒரு கொக்கி வழியாக விட்டு, மறுமுனையில் அரைவாளித் தண்ணீரைக் கட்டுங்கள். சுமையில்லாத கயிற்றில் பழகினால் கை பொய்ப் பழக்கம் பிடித்துவிடும், அதனால் வாளி அவசியம். தூக்கி, கட்டி, சுருட்டி, மாட்டி, மறுபடி அவிழ்த்து, கீழ்ச்சுற்றை மட்டும் வைத்துக்கொண்டு வாளியைத் தளும்பாமல் தரையில் இறக்குங்கள். இது வந்தபிறகு இடது கையை முன்னே வைத்து அதையே செய்யுங்கள், ஏனென்றால் கப்பலின் மறுபக்கச் சட்டத்தில் எல்லாம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பியிருக்கும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். தரை நனைந்தால், எட்டுகளைக் கழற்றும்போது இழுப்பை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். மூன்றாவது எட்டிலிருந்து மெதுவாக மறுபடி தொடங்குங்கள்.